பாதியில் நின்ற அப்கிரேட்

மும்பை ஆண்டாப் ஹில்லில் காகிதத்துக்கு இருக்கும் மதிப்பு தங்கத்துக்குக்கூட இல்லை. குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் இலவச வீடு கிடைக்க வேண்டுமானால் 2000 ஜனவரி 1க்கு முன்பே இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். பழைய ரேஷன் கார்டு, கரண்ட் பில், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் பக்கம், 1976ஆம் ஆண்டு குடிசைக் கணக்கெடுப்புக்குப் பிறகு கொடுத்த போட்டோ பாஸ், இவற்றில் ஏதாவது கையில் இருக்க வேண்டும். பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போனால் இன்னும் பின்னோக்கிப் போகச் சொல்வார்கள். பட்டியல் சாதியினர் 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பும், பிற்படுத்தப்பட்டோர் 1967 அக்டோபர் 13க்கு முன்பும் குடும்பம் மகாராஷ்டிரத்தில் இருந்ததை நிரூபிக்க வேண்டும். ஊரிலிருந்து ரயிலேறி வந்து மில்லிலோ துறைமுகத்திலோ கூலிக்கு நின்ற தாத்தாவிடம் யார் ரசீது கொடுத்தார்கள்? அப்படியே ஒன்று கிடைத்தாலும் அது மடிப்பில் கிழிந்து, எழுத்து மங்கி, பிளாஸ்டிக் பையோடு ஒட்டிப்போய் இருக்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானதே, அன்றைக்குத் தாழ்வான சால் குடியிருப்புகளில் பரண் மேல் ஏற்றாத காகிதமெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது.

ஜி.டி.பி. நகர் ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும் தூரத்தில் எனக்கு ஒரு சிறிய அறை. ஸ்கேன், பிரிண்ட், ஜெராக்ஸ், தமிழில் காதுகுத்து, கல்யாணப் பத்திரிகை, நினைவஞ்சலி பேனர், இவைதான் தொழில். சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறேன். ஸ்கேன் எடுக்க வரும் பெரியவர்கள் பலர், "ஒரு காப்பி உன் மிசின்லயே இருக்கட்டும்ப்பா, எங்க வீட்ல எலி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அப்படிச் சேர்ந்த ஃபோல்டர்கள் என் மெயின் கணினியில் குடும்பப் பெயர்வாரியாக இருக்கின்றன. அதில் ஓடுவது உபுண்டு லினக்ஸ் என்ற இயங்குதளம். ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு அதை மாற்றுவது எனக்குப் பொழுதுபோக்கு அல்ல. ஊர்க்காரர்கள் நம்பிக் கொடுத்த பெட்டியை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிற பொறுப்பு அது.

உபுண்டு எனக்குத் தபாலில் வந்தது. பெயரும் விலாசமும் எழுதிக் கேட்டால் போதும், ஒரு பைசா வாங்காமல் சீடி அனுப்பிய காலம் ஒன்று இருந்தது; 2011 ஏப்ரலில் அதை நிறுத்தினார்கள். இன்டர்நெட் வேகம் குறைவாக இருந்த அந்நாளில் எழுநூறு எம்.பி. இறக்குவது பெரிய காரியம். அதற்கும் முன்பு, 2000ஆம் ஆண்டு வாக்கிலேயே, இதே மும்பையில் இண்ட்லினக்ஸ் என்ற பெயரில் லினக்ஸை இந்திய மொழிகளில் கொண்டுவர ஒரு குழு வேலை செய்துகொண்டிருந்தது. பவாயில் இருக்கும் ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுட்டோரியல் திட்டத்தில் லினக்ஸ், லிப்ரே ஆபீஸ் பாடங்கள் தமிழ்க் குரலிலும் இருக்கின்றன. என் வகுப்புப் பிள்ளைகளில் பலர் கமாண்டு எழுதப் பழகியது அந்தக் குரலைக் கேட்டுத்தான். மராத்தி, இந்தி, ஆங்கிலம் என்று மூன்று மொழியில் பள்ளியில் திணறும் பிள்ளை, தன் வீட்டு மொழியில் கம்ப்யூட்டர் பாடம் கேட்கும்போது முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். இந்த மென்பொருள்மேல் எனக்குப் பிடிப்பு வந்ததற்கு விலை மட்டும் காரணமில்லை.

உபுண்டுவில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, ஏப்ரல் மாதம், நீண்ட ஆதரவுப் பதிப்பு ஒன்று வரும். எல்.டி.எஸ். என்பார்கள். 2016இல் 16.04, 2018இல் 18.04, 2020இல் 20.04 என்று ஆண்டும் மாதமும்தான் அதன் பெயர். ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டு வரை வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதன் பிறகு, தனியாகப் பதிந்துகொள்ளாவிட்டால், பிரவுசரிலோ நெட்வொர்க்கிலோ புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் நம் கணினிக்கு மருந்து வராது. "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?" என்று கேட்பவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. என் ஃபைல்கள் மட்டும் என்றால் பழையதையே ஓட்டிக்கொண்டு இருந்திருப்பேன். அடுத்தவர் ஆதார் எண்ணும், தாத்தா பெயர் போட்ட ரேஷன் கார்டும் உள்ளே இருக்கும்போது கெடு தாண்டிய மென்பொருளில் இன்டர்நெட்டைத் திறப்பது சரியில்லை.

16.04க்குக் கெடு 2021 ஏப்ரல். ஊரடங்கில் வேலை குறைந்திருந்த 2020 அக்டோபரிலேயே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஐப்பசி, கார்த்திகையில் பத்திரிகை வேலை தொடங்கினால் மெயின் கணினியில் கைவைக்க முடியாது. ஒரு எல்.டி.எஸ்.ஸிலிருந்து அடுத்ததற்குத்தான் போக முடியும், நடுவில் ஒன்றைத் தாண்டி 20.04க்கு நேராகக் குதிக்க வழியில்லை. அதனால் முதலில் 18.04. வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்தேன். எடுத்த நகலை வகுப்புக் கணினியில் மாட்டி, ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து பார்த்தேன். பென்டிரைவிலும் ஒரு உபுண்டுவைப் போட்டு வைத்தேன். நகல் எடுத்த பிறகும் ஆட்கள் ஸ்கேன் எடுக்க வந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சில நாட்களின் காகிதங்கள் மெயின் டிஸ்க்கில் மட்டும் இருந்தன.

குறித்த நாள் அக்டோபர் 12, திங்கட்கிழமை. விடிந்ததும் தொடங்கினேன். அப்கிரேட் கருவி முதலில் வெளியாள் மென்பொருள் களஞ்சியங்களையெல்லாம் அணைத்துவிடும். அடுத்து எத்தனை மென்பொருள் பொதிகள் மாறும், எவை நீக்கப்படும் என்று கணக்குச் சொல்லி அனுமதி கேட்கும். இறக்கி முடித்ததும் நிற்காமல் நிறுவத் தொடங்கிவிடும், அதற்குப் பிறகு நடுவில் நிறுத்தக்கூடாது என்று எச்சரிக்கையும் செய்யும். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. திரையில் பொதிகளின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலை பத்து மணி சுமாருக்குத் திரை அணைந்தது. மின்விசிறியும் நின்றது. பக்கத்து வீட்டு டிவியும் நின்றது. சந்துக்கு வந்து பார்த்தால் எல்லோரும் வெளியே நிற்கிறார்கள். அன்றைக்கு மும்பையின் பெரும்பகுதி இருண்டுபோனது. கல்வா, பட்கா பக்கத்து உயர் அழுத்த மின்பாதைகள் அடுத்தடுத்துப் பழுதாகி, நகரத்துக்கு வரும் மின்சாரம் அறுந்துவிட்டது. லோக்கல் ரயில்கள் நடுவழியில் நின்றன. அப்படி வெளியே கோளாறு வந்தால் மும்பையைத் தனித் தீவாகப் பிரித்து, உள்ளூர் மின் நிலையங்களைக் கொண்டே ஓட வைக்கும் ஏற்பாடு ஒன்று பல காலமாக இங்கே உண்டு. அன்று அதுவும் கைகொடுக்கவில்லை.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இதில் ஒன்று வியப்பாக இருக்கலாம். 2008க்குப் பிறகு அங்கே பட்ட மின்வெட்டில் இன்வெர்ட்டர் வாங்காத நடுத்தர வீடு குறைவு. மும்பைத் தீவு நகரத்தில் கரண்ட் போவது அபூர்வம். அதனால் இங்கே பெரும்பாலும் யாரும் இன்வெர்ட்டரோ யு.பி.எஸ்.ஸோ வைத்துக்கொள்வதில்லை. என் அறையிலும் இல்லை.

சில மணி நேரம் கழித்து மின்சாரம் வந்தது. கணினியைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடி ஓரிடத்தில் நின்றன. கெர்னல் பேனிக், அதாவது இயங்குதளத்தின் மைய நிரலே தடுமாறி நின்றுவிட்டது. ரூட் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்று அதில் எழுதியிருந்தது. மறுபடி அணைத்துப் போட்டாலும் அதேதான்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் ஒருவரை போனில் கூப்பிட்டேன். லோக்கல் ரயிலில் அத்தியாவசியப் பணியாளர்களை மட்டுமே ஏற்றிய நேரம் அது. கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் லாமிங்டன் ரோட்டுக்கு மிசினைத் தூக்கிக்கொண்டு போகவும் வழியில்லை. விவரம் கேட்டுவிட்டு, "ஃபார்மேட் மார்னா படேகா" என்றார். ஃபார்மேட் அடித்தே ஆக வேண்டுமாம். ஹார்டு டிஸ்க்கும் போயிருக்கலாம் என்றார். விண்டோஸ் போட்டுக்கொள்ளச் சொன்னார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. இந்த நகரத்தில் ரிப்பேர் என்றால் முதல் மருந்தே ஃபார்மேட்தான். அரை மணி நேரத்தில் முடியும், காசு கிடைக்கும், வாடிக்கையாளருக்கும் புதிது போல ஓடும். உள்ளே என்ன இருந்தது என்று கேட்பவர் குறைவு.

இதற்குள் செய்தி பரவி, எதிர்வரிசை அக்கா ஒருவர் வந்துவிட்டார். அவருடைய மாமனார் பெயரிலிருந்த பழைய கரண்ட் பில்லை இரண்டு நாள் முன்னால்தான் ஸ்கேன் எடுத்திருந்தேன். "தம்பி, நம்ம பேப்பர் எல்லாம் உள்ள பத்திரமா இருக்குல்ல? நான் அந்த பில்லைக் கொண்டுபோய் ஆபீஸ்ல குடுத்துட்டனே" என்றார். அசலைக் கையை விட்டுக் கொடுத்திருந்தார். "இருக்கும்க்கா, பாத்துச் சொல்றேன்" என்றேன். சொல்லும்போது எனக்கே நிச்சயமில்லை.

அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, திரையில் இருந்ததை மறுபடி வாசித்தேன். வெறும் வாசிப்புதான். ரூட் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்றால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று ஆகாது. புதிய கெர்னலை டிஸ்க்கில் பிரித்து வைத்தாகிவிட்டது. அது எழுந்து நிற்கத் தேவையான தொடக்கக் கோப்பு தயாராவதற்குள் கரண்ட் போய்விட்டது. ஆகவே கெர்னல் எழுந்து, டிஸ்க்கை எப்படித் திறப்பது என்று தெரியாமல் நிற்கிறது. டிஸ்க் அதன் பக்கத்திலேயே நன்றாகத்தான் இருக்க வேண்டும்.

அதைச் சோதிக்க, ரிப்பேரைத் தொடுவதற்கு முன் பென்டிரைவிலிருந்த உபுண்டுவைக் கொண்டு கணினியைத் தொடங்கினேன். டிஸ்க் கண்ணில் பட்டது. உபுண்டு பயன்படுத்தும் எக்ஸ்ட் 4 முறைமை, கோப்பு அமைப்பில் செய்யப்போகும் மாற்றங்களை முதலில் ஜர்னல் என்ற குறிப்பில் பதிந்துகொள்ளும். திடீரென்று கரண்ட் போனாலும் அந்தக் குறிப்பைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஹோம் ஃபோல்டரைத் திறந்தேன். குடும்பப் பெயர்கள் வரிசையாக இருந்தன. அக்காவின் மாமனார் பெயரில் இருந்த கரண்ட் பில்லைத் திறந்தேன். மூலையில் டீக்கறையோடு முழுசாக வந்தது. அந்தக் கடைசிச் சில நாட்களின் ஸ்கேன்களை வெளி ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றி, வகுப்புக் கணினியில் திறந்து பார்த்துவிட்டு, அக்காவுக்கு போன் போட்டேன். கணினி இன்னும் எழவில்லை. ஆனால் என் பொறுப்பில் இருந்தது முழுக்கக் கைக்கு வந்துவிட்டது. இனிமேல் அந்த மிசினை என்ன செய்தாலும் கவலையில்லை என்ற நிலைமை வந்ததும் மனசு தெளிந்துவிட்டது. பதற்றத்தில் செய்யும் ரிப்பேர்தான் ஆளைக் கொல்கிறது.

அடுத்தது கணினி. தொடக்கத்தில் வரும் கிரப் பட்டியலில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று ஒன்று இருக்கும். அதற்குள் பழைய 4.4 கெர்னல் அப்படியே இருந்தது. அப்கிரேட் செய்யும்போது உபுண்டு பழைய கெர்னலைக் கையோடு தூக்கி எறியாது, இப்படிப்பட்ட நாளுக்காகவே வைத்திருக்கும். அதில் ரெக்கவரி வழியைத் தேர்ந்தெடுத்தேன். எழுந்துகொண்டது. படமோ மவுஸோ இல்லை, வெறும் எழுத்துத் திரை.

உபுண்டுவில் பொதிகளைக் கையாளும் கருவிக்கு டிபிகேஜி என்று பெயர். ஒரு பொதியைப் பிரித்து வைப்பது ஒரு படி, அதை அமைத்து முடிப்பது அடுத்த படி. எந்தப் பொதி எந்தப் படியில் நிற்கிறது என்பதை அது எழுதிக்கொண்டே போகும். ஆகவே கரண்ட் போன இடம் எது என்று அதற்குத் தெரியும். டிஸ்க்கை எழுத அனுமதிக்கும் நிலைக்கு மாற்றிவிட்டு, பாதியில் நின்றவை எல்லாவற்றையும் அமைத்து முடி என்று கட்டளை கொடுத்தேன். காலையில் நின்ற இடத்திலிருந்து பெயர்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன. ஒரு பொதி மட்டும் பிரிக்கும்போதே அறுபட்டிருந்ததால், அது மிக மோசமான நிலையில் இருக்கிறது, மறுபடி நிறுவு என்று வெளிப்படையாகவே சொன்னது. நெட்வொர்க் கேபிளைச் செருகி அதை மறுபடி இறக்கினேன். பிறகு ஆப்ட் கருவியிடம் உடைந்தவற்றைச் சரிசெய்யச் சொன்னேன். மீதி அப்கிரேடையும் முடிக்கச் சொன்னேன். இடையிடையே, நீ மாற்றிவைத்த அமைப்பை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று கேட்டது. புரியாத இடத்திலெல்லாம் இருப்பதையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். கடைசியில் புதிய கெர்னலுக்கான தொடக்கக் கோப்பு தயாரானது என்ற வரி வந்தது. அணைத்துப் போட்டேன். 18.04 வந்து நின்றது.

அந்த இரவு நான் கற்றதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். கணினி எழவில்லை என்பது ஒன்று, அதிலுள்ளது போய்விட்டது என்பது வேறொன்று. முதலாவது நடந்த நாளில் இரண்டாவதை நம் கையாலேயே நடத்திவிடுகிறோம். ஃபார்மேட் அடித்திருந்தால் ஸ்கேன்கள் மட்டுமா போயிருக்கும்? பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பத்திரிகை ஃபைல்கள் ஏராளமாக இருக்கின்றன. எழுத்துரு இல்லாமல் திறந்தால் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான். அந்த எழுத்துருக்கள் நானே கையால் போட்டுவைத்தவை. எந்தக் களஞ்சியத்திலும் கிடைக்காது. அப்கிரேடில் அவை தொடப்படாமல் தாண்டி வந்தன. புதிதாக நிறுவியிருந்தால் எங்கிருந்து எதை எடுத்தேன் என்று எனக்கே ஞாபகம் வந்திருக்காது. தமிழ் 99 விசைப்பலகை அமைப்பும் ஹோம் ஃபோல்டரோடு கூடவே வந்துவிட்டது. அந்த விசைப்பலகை 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு தரப்படுத்தியது. என் பிழைப்பே அதன் மேல்தான் ஓடுகிறது.

பிள்ளைகளுக்கு ஜன்னல் மூடும் பொத்தான் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போனது ஒன்றுதான் பெரிய செய்தி. யூனிட்டி என்ற பழைய முகப்பு போய் க்னோம் வந்திருந்தது. ஒரு வாரத்துக்குள் பழகிவிட்டார்கள். பெரியவர்கள்தான் முகப்பு மாறியதைப் பற்றி அதிகம் பேசுகிறோம்.

அதற்குப் பிறகு 20.04, 22.04, 24.04 என்று ஒவ்வொன்றாக வந்தாயிற்று. அவற்றுக்கெல்லாம் முன்பு ஒரு யு.பி.எஸ். வாங்கினேன். மும்பையில் அது வீண்செலவு என்று சொன்னவர்கள் உண்டு. அப்கிரேட் நடக்கும் நேரத்துக்காகவே அது அங்கே இருக்கட்டும். ஸ்கேன்களை இயங்குதளம் இருக்கும் இடத்திலிருந்து பிரித்துத் தனி டிஸ்க்குக்கு மாற்றினேன். அதன் நகல் ஒன்று செம்பூரில் தங்கை வீட்டு பீரோவில், கடவுச்சொல் போட்டுப் பூட்டிய டிஸ்க்கில் இருக்கிறது. மழைத் தண்ணீரோ தீயோ இந்த அறைக்குள் வந்தால் இரண்டு நகலும் சேர்ந்து போய்விடக் கூடாது. டைம்ஷிப்ட் என்ற கருவியைப் பலர் நகல் எடுக்கும் கருவி என்று நினைத்து நம்பியிருக்கிறார்கள். அது இயல்பாக இயங்குதளத்தை மட்டுமே படமெடுத்து வைக்கும், ஹோம் ஃபோல்டரைத் தொடாது. கணினியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அது அருமையான கருவி. உங்கள் பிள்ளையின் சான்றிதழுக்கு அதை நம்பாதீர்கள்.

புதிய பதிப்பு வந்த அன்றே மாறுவதில்லை என்பது இன்னொரு பழக்கம். ஏப்ரலில் வெளியானாலும், முந்தைய எல்.டி.எஸ்.ஸில் இருப்பவர்களுக்கு முதல் திருத்தப் பதிப்பு வந்த பிறகுதான் உபுண்டுவே அழைப்பு அனுப்பும். அது பெரும்பாலும் ஜூலையோ ஆகஸ்டோ ஆகும். அந்த அழைப்பு வந்த பிறகும் நான் சில வாரம் பொறுப்பேன். 2024 ஆகஸ்ட் கடைசியில் 24.04.1 வந்து, 22.04காரர்களுக்கு வழி திறந்த கொஞ்ச நாளிலேயே அப்கிரேட் கருவியில் கடுமையான பிழை தெரிந்து வழியை மூடினார்கள். சரிசெய்துவிட்டுத்தான் மறுபடி திறந்தார்கள். அதே ஆண்டு மார்ச் 29 அன்று, ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறிய நிரலில் யாரோ வேண்டுமென்றே திருட்டு வாசல் வைத்திருந்ததை ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் வெளிப்படுத்தினார். தன் கணினியில் உள்நுழைவு சற்றே தாமதமாவதைக் கவனித்துத் துருவியதில் கிடைத்தது அது. அதனால் 24.04இன் பீட்டா என்ற சோதனைப் பதிப்பு ஒரு வாரம் தள்ளிப்போனது. அந்தத் திருட்டு வாசல் நுழைந்த பிறகு கட்டிய பொதிகளையெல்லாம் மறுபடி கட்டிய பிறகே வெளியிட்டார்கள். குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எல்லார் கண்ணுக்கும் முன்னால் பிழை தெரிகிறது, நிறுத்துகிறார்கள், திருத்துகிறார்கள். அதற்கான நேரத்தை நாமும் கொடுக்க வேண்டும்.

பொறுத்திருக்கும் அந்த வாரங்களில் புதிய பதிப்பைப் பென்டிரைவில் போட்டு, நிறுவாமலேயே ஓட்டிப் பார்ப்பேன். ஸ்கேனர் பேசுகிறதா, பிரிண்டர் பேசுகிறதா, தமிழ் 99இல் ஒரு பத்தி அடித்தால் ஒற்றும் கொம்பும் சரியாக விழுகின்றனவா என்று பார்ப்பேன். பிரிண்டர்தான் எப்போதும் தகராறு. ஜெராக்ஸ் கடைகள் எல்லாவற்றிலும் இருக்குமே, அந்தச் சின்ன லேசர் பிரிண்டரின் டிரைவருக்குப் பழைய 32 பிட் நூலகங்கள் தேவை. ஒவ்வொரு அப்கிரேடிலும் அது படுத்துவிடும். அதனால் எந்த நூலகம், எந்த வரிசையில், எந்தக் கட்டளை என்று ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். என்னைவிட அந்த நோட்டை நன்றாகப் பயன்படுத்தும் மாணவி ஒருத்தி இப்போது இருக்கிறாள். போன அப்கிரேடில் வகுப்புக் கணினியை முழுக்க அவள்தான் செய்தாள். "சார், நீங்க உக்காருங்க, கேட்டா சொல்றேன்" என்றாள். நோட்டில் நான் எழுதாமல் விட்ட ஒரு வரியையும் சேர்த்துவிட்டாள். மெயின் கணினிக்கு அதன் பிறகுதான் போனோம்.

எல்லாக் கணினியும் எல்லாக் காலமும் இதே பாதையில் வர முடியாது. எங்களிடம் இருந்த ஒரு பழைய 32 பிட் கணினிக்கு 18.04க்கு மேல் வழியில்லை. அதை டெபியன் என்ற இன்னொரு லினக்ஸுக்கு மாற்றினோம். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் அந்த வகைக் கணினிகளுக்கான நிறுவலும் நின்றுவிட்டது. அந்த மிசின் இப்போது டெபியன் 12இல், இன்டர்நெட் இணைப்பு இல்லாமல், தட்டச்சுப் பயிற்சிக்கு மட்டும் ஓடுகிறது. ஓய்வு கொடுக்க வேண்டியதற்கு ஓய்வு கொடுப்பதும் இந்தப் பொறுப்பில் சேர்ந்ததுதான்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்காகக் கடன் வாங்கி வாங்கிய செகண்ட் ஹேண்ட் லேப்டாப்கள் ஆண்டாப் ஹில்லிலும் கோலிவாடாவிலும் தாராவியிலும் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. அவற்றில் பல விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் தகுதிக்குள் வராது. அவை குப்பை இல்லை. 64 பிட் செயலியும் நான்கு ஜி.பி. நினைவகமும் இருந்தால் லினக்ஸ் மின்ட்டோ ஜுபுண்டுவோ அவற்றில் நன்றாகவே ஓடும். கொண்டுவந்தால் நாங்களே போட்டுத் தருகிறோம், பிள்ளைகளுக்கும் அது பயிற்சி. ஆனால் வருகிறவர்களிடம் முதலில் ஒன்று கேட்போம்: உள்ளே இருக்கும் போட்டோவும் பேப்பரும் வேறு எங்கே இருக்கின்றன?

ஏற்கெனவே உபுண்டு 22.04 வைத்திருப்பவர்களுக்கு 2027 ஏப்ரல் வரை வழக்கமான ஆதரவு உண்டு. 20.04இல் இன்னும் இருப்பவர்களுக்கு அது 2025 மே மாதமே முடிந்துவிட்டது. உடனே மாற முடியாவிட்டால் உபுண்டு ப்ரோ சேவையில் பதிந்துகொள்ளுங்கள். தனிநபருக்கு ஐந்து கணினி வரை இலவசம், வெளியான நாளிலிருந்து பத்து ஆண்டு வரை திருத்தங்கள் வரும். மாறப்போகிறவர்கள் பண்டிகையும் பரீட்சையும் இல்லாத ஒரு நாளை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் உங்கள் ஆவணங்களின் நகலை ஒரு டிஸ்க்கில் எடுத்து, இன்னொருவர் வீட்டுக்குக் கொண்டுபோய், அவர்கள் கணினியில் மாட்டித் திறந்து பாருங்கள். ரேஷன் கார்டில் உங்கள் தாத்தாவின் பெயரை அந்தத் திரையில் வாசித்த பிறகு, வீட்டுக்கு வந்து அப்கிரேடைத் தொடங்குங்கள்.